அருகுணரிக்கு உரிய இடம் எது?

கைப்பேசியைக் காதருகே கொண்டு சென்றதும் அதன் திரை அணைந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். பல கைப்பேசிகளில் இதற்குக் காரணம் அருகுணரி என்னும் சிறு சென்சார். அது அகச்சிவப்பு ஒளியை வீசி, நம் கன்னத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கிறது. அதனை இயக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அந்த டிரைவர், இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலில் எப்பிரிவைச் சேர வேண்டும்? இதுவே நான் இன்று ஆராயப் புகும் வினா.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலையே சான்றாகக் கொள்வோம். அதில் விசைப்பலகை, சுட்டி முதலியவற்றுக்கு உள்ளீட்டுப் பிரிவு உண்டு. அங்கே அருகுணரியின் செய்தி, 'அருகில் உண்டு', 'இல்லை' என்பதோடு முடியும். ஐ.ஐ.ஓ. என்னும் மற்றொரு பிரிவோ அளவை எண்ணாகவே தரும்.

கைப்பேசியை மட்டும் எண்ணினால் முன்னதே போதும். ஆனால் ஏ.எஸ். 3935 என்னும் சில்லு, 40 கிலோமீட்டர் வரையுள்ள இடிமழையின் தொலைவை மதிப்பிடுவது. அதன் டிரைவரும் ஐ.ஐ.ஓ.வின் அருகுணரிப் பகுதியிலேயே இருக்கிறது! மின்னலை விசைப்பலகையோடு சேர்த்தல் தகுமோ?

எண்ணிலிருந்து 'உண்டு, இல்லை' என்பதை வருவிக்கலாம். அதிலிருந்து எண்ணை மீட்க இயலாது. எனவே, கருவி எங்கே பயன்படுகிறது என்பதன்று, எதைத் தெரிவிக்கிறது என்பதே இடத்தை முடிவு செய்ய வேண்டும் என்பேன். அளவு தராத எளிய உணரிக்கு உள்ளீட்டுப் பிரிவே தகும்.

இதில் அவசரம் ஆகாது. வெளியிட்ட இடைமுகத்தை நம்பிப் பயன்பாட்டு நிரல்கள் எழுந்துவிடும். அவற்றை முறித்தலாகாது என்பது லினக்ஸின் கொள்கை. கோப்பை இடம் மாற்றுதல் எளிது. கொடுத்த வாக்கை மாற்றுதல் அரிது.