ரோல்ஸ் ராய்ஸுக்கும் பாடி கட்டியது வேற ஆளா? அட, நம்ம நாமக்கல் லாரி மாதிரியே!

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் போனால் வெறும் சேஸிஸாக வரும் லாரியைப் பார்த்திருப்பீங்க. பாடி கட்டுவது நம்ம ஊர் பட்டறைதான். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ரோல்ஸ் ராய்ஸ் காரும் இப்படித்தான் விற்றது.

1906ல் தொடங்கிய அந்த நிறுவனம் இன்ஜினோடு சேஸிஸை மட்டும் கொடுக்கும். பாடி கட்ட வாங்குபவர்தான் வேறு ஆளைப் பிடிக்கணும். அதனால் ஒரு கார் போல இன்னொன்று இருக்காது.

ராஜ்கோட் மன்னரின் 1934ஆம் வருட பாண்டம் 2, பெயர் 'ஸ்டார் ஆஃப் இந்தியா'. பாடி கட்டியது லண்டனின் த்ரப் அண்ட் மேபர்லி. காவி கலந்த நிறம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஹெட்லைட்டும் திரும்பும்! கைமாறிப் போன அந்தக் கார் 2010ல் அரச குடும்பத்திடமே திரும்பியது.

கம்பெனி கதை வேற. விமான இன்ஜினுக்குக் கொட்டிய செலவில் 1971ல் திவால். இன்று ரோல்ஸ் ராய்ஸ் கார், ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ கையில்.