நீள்வட்டக் குறுந்திரள்களின் தோற்றமும் மாற்றமும்

வானத்தின் படைப்பைச் சிந்திக்குமாறு திருமறை நம்மைப் பன்முறை அழைக்கின்றது. மழை ஓய்ந்த கார்த்திகைத் திங்களின் நிலவில்லா முன்னிரவில், இரும்பை போன்றதொரு சிற்றூரின் இருட்டில் நின்று வடக்கு நோக்கினால், உச்சிக்குச் சற்றுக் கீழே வெண்புகை போன்ற திட்டொன்று புலப்படும். கி.பி. 964இல் தம் விண்மீன் நூலில் இதனைச் 'சிறுமேகம்' எனக் குறித்து வைத்தவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்னும் பாரசீக அறிஞர். தொலைநோக்கி தோன்றுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட பதிவு இது.

ஆண்ட்ரோமீடா என இன்று வழங்கும் அச்சிறுமேகம், ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மாபெரும் விண்மீன்திரள். அதனைச் சுற்றிச் சில சிறுதிரள்கள் உள்ளன. அவற்றுள் 1773இல் மெசியே கண்ட எம் 110 என்பது நீள்வட்டக் குறுந்திரள் வகையினது. இவ்வகைத் திரள்களில் சுருள்கரங்கள் இல்லை. விண்மீன்களை ஈன்றெடுக்கும் வாயுவும் மிகக் குறைவு. எனவே இவற்றில் முதிய விண்மீன்களே மிகுதி.

இவை பிறவியிலேயே இத்தகையனவா? அன்றி, இடையில் இவ்வாறு ஆயினவா? இவை இருக்கும் இடமே விடைக்கு வழி காட்டுகின்றது. கன்னிக் கொத்துப் போன்ற நெரிசலான திரட்கூட்டங்களில் இவை மலிந்துள்ளன; தனித்த வெளியிலோ அரியன. ஆதலின் அண்டையின் தாக்கமே முதற்காரணம் என்பர்.

அத்தாக்கம் இருவகைப்படும். திரட்கூட்டத்தின் இடைவெளியில் கோடிக்கணக்கான பாகை வெப்பமுடைய மெல்லிய வாயு பரவியுள்ளது. அதனூடே விரையும் சிறுதிரள் தன் வாயுவை இழக்கின்றது. எதிர்காற்றில் மிதிவண்டியில் விரைபவனின் தோள்துண்டு பறந்துபோவது போல. 1972இல் கன், காட் என்னும் இருவர் இதனை விளக்கினர். அடுத்து, பெருந்திரள்களை நெருங்கிக் கடக்குந்தோறும் அவற்றின் ஈர்ப்பு சிறுதிரளை உலுக்குகின்றது. தட்டையான வட்டு நாளடைவில் பருத்து நீள்வட்டமாகின்றது. இவையன்றி, வெடித்துச் சிதறும் விண்மீன்களும் ஈர்ப்பு குன்றிய சிறுதிரளின் வாயுவை வெளியேற்ற வல்லன. எல்லாக் குறுந்திரள்களும் ஒரே வழியில் உருவாயின எனல் பொருந்தாது.

பழைய உருவின் சுவடுகளும் கிட்டியுள்ளன. 2000ஆம் ஆண்டில், கன்னிக் கொத்திலுள்ள ஐ.சி. 3328 என்னும் குறுந்திரளுக்குள் மங்கிய சுருள்கரங்கள் மறைந்திருக்கக் கண்டனர். எம் 110இன் நடுவிலோ தூசியும் இளம் நீல விண்மீன்களும் உள்ளன. அதன் விளிம்பு ஆண்ட்ரோமீடாவின் ஈர்ப்பால் திரிந்துள்ளது. முதுமை எய்தியதாகத் தோன்றும் அதன் நெஞ்சில் இளமை முற்றும் அவியவில்லை.

இவற்றின் முடிவு யாது? சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், விண்மீன்களிடையே செல்லும் பொருள் அவற்றின் ஈர்ப்பால் வேகம் குன்றும் என 1943இல் கணித்துக் காட்டினார். அவ்விதியின்படி, பெருந்திரளின் ஊடே சுற்றும் சிறுதிரள்களுட் பல மெல்ல உள்ளிழுக்கப்பட்டு அதனுள் கரைந்துவிடும்.

ஒன்றின் இன்றைய சிறுமையை அதன் பிறவி இயல்பெனக் கொள்ளலாகாது. அது இழந்தவற்றையும் ஆராய்தல் வேண்டும். கண்ணொன்றையே கருவியாகக் கொண்ட அஸ்ஸூஃபி தாம் கண்டதைப் பிழையின்றி எழுதி வைத்தார். மாணவர்கள் அந்நோக்கையே கைக்கொள்வார்களாக.