கனவு யாருடையது? - கிளிட்டம்னெஸ்ட்ராவின் பாம்பு

ஈஸ்கிலஸின் 'ஒரெஸ்தியா' முந்நாடகத்தை (கி.மு. 458) முதலில் வாசித்தபோது நானும் மகன் பின்னாலேயேதான் போனேன். தந்தையைக் கொன்ற தாயைக் கொல்கிறவன், அப்புறம் ஃபியூரிகள் துரத்த ஓடுகிறவன் என்று ஒரெஸ்டிஸே பிரதியை அடைத்துக்கொண்டிருந்தான். மறுவாசிப்பில்தான் தாயின் கனவு என்னை நிறுத்தியது.

கதை இதுதான். ட்ராய்க்குப் போகக் காற்று வேண்டி அகமெம்னான் மகள் இஃபிஜீனியாவைப் பலி கொடுக்கிறான். போர் முடிந்து திரும்பியவனைக் கிளிட்டம்னெஸ்ட்ரா கொல்கிறாள். மகன் ஒரெஸ்டிஸை அதற்கு முன்பே வெளியூருக்கு அனுப்பிவிட்டாள். அவன் பழிவாங்கத் திரும்பி வருவது இரண்டாம் நாடகம். அவன் வந்து சேரும் நேரத்தில் அவளுக்கு ஒரு கனவு வருகிறது. பாம்பு ஒன்றைப் பெறுகிறாள். குழந்தையைப்போலத் துணியில் சுற்றிக் கிடத்துகிறாள். அது பசிக்கு அழ, தானே முலை கொடுக்கிறாள். பாலோடு ரத்தக்கட்டியும் வருகிறது. அலறி எழுகிறாள். வீடெங்கும் விளக்கேற்றுகிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கனவைக் கண்டவள் மேடையில் ஒருதரம்கூடச் சொல்வதில்லை. அடிமைப் பெண்களின் கோரஸ் சொல்கிறது, அதுவும் ஒரெஸ்டிஸ் கேட்டதால். அரண்மனையின் கனவுப்பலன் சொல்கிறவர்கள் ஏற்கெனவே பலன் சொல்லிவிட்டார்கள்: மண்ணுக்கடியில் செத்தவர் கோபமாக இருக்கிறார். உடனே கல்லறைக்குப் படையல் போகிறது. ஒரெஸ்டிஸ் இன்னொரு பலன் சொல்கிறான்: நானே அந்தப் பாம்பு, அவளைக் கொல்வேன். கனவு அவனைப் பாம்பாக்கவில்லை. அவன் செய்த வாசிப்புதான் ஆக்குகிறது. பலனடையப் போகிறவனே பலனும் சொன்னால் அது விளக்கமா, ஆணையா?

நம் வீடுகளிலும் அம்மா கண்ட கனவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் முதல் ஜோசியர்வரை பலன் சொல்ல வந்துவிடுவார்கள். 'நீ என்ன நெனச்சே?' என்று அவளைக் கேட்க ஆள் கிடையாது. ஃப்ராய்ட் தம் 1900ஆம் ஆண்டு நூலில் கேட்கச் சொன்னது இதைத்தான்: கண்டவரின் தொடர்எண்ணங்கள் இல்லாமல் கனவுக்குப் பொருள் இல்லை. கிளிட்டம்னெஸ்ட்ராவிடம் நாம் கேட்க முடியாது, வாஸ்தவம். ஆனால் அவள் சொல்லாததைப் பிரதி வேறிடத்தில் சிந்தி வைத்திருக்கிறது.

கிலிஸ்ஸா என்றொரு கிழவி வருகிறாள். அடிமை, செவிலி. ஒரெஸ்டிஸ் செத்துவிட்டான் என்ற பொய்ச்சேதியை நம்பி அழுகிறாள். அவன் ராத்திரி அழுதது, ஈரத்துணி துவைத்தது என்று துன்பியலுக்குள் பீத்துணி வாடை அடிக்கப் பேசுகிறாள். ஆக, பிள்ளையை வளர்த்தது இவள். இப்போது கனவுக்குத் திரும்புங்கள். அதே துணி, அதே பசி. ஆனால் அங்கே 'தானே' கொடுக்கிறாள். மூலத்திலும் அந்த அழுத்தம் இருக்கிறது. இதை வெறும் குற்றவுணர்வு என்று என்னால் தள்ள முடியவில்லை. ஒரு மகளைக் கணவனிடம் பறிகொடுத்து, மகனைத் தானே அனுப்பிவிட்டவளின் நிறைவேறாத ஆசையும் அதில் இருக்கிறது. பாம்பை உதறினாள் என்று ஒரு வரியும் இல்லை.

மகன் செத்த சேதி கேட்டு அவள் உள்ளுக்குள் சிரித்தாள் என்று இதே கிலிஸ்ஸாதான் சொல்கிறாள். அதை நான் மறைக்கவில்லை. பகலில் சிரிக்கிறவள் ராத்திரியில் முலை கொடுக்கக் கூடாது என்று எந்த உளவியலும் சொல்லவில்லை. நானும் அந்தப் பலன் சொல்கிறவர்கள் வரிசையில் இன்னொரு ஆள்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியில் அவள் மகனுக்கு முன்னால் மார்பைத் திறந்து காட்டி, இதில்தான் நீ பால் குடித்தாய் என்கிறாள். பொய்யா? கனவில் நடந்ததைச் சொல்கிறாள் என்றே எனக்குப் படுகிறது. ஒரெஸ்டிஸ் ஒரு கணம் தடுமாறுகிறான். அதுவரை வாயே திறக்காத நண்பன் பைலடிஸ் மூன்று வரி பேசி அவனைத் திருப்பிவிடுகிறான். சாவதற்கு முன் அவள் சொல்வது: நான் பெற்று வளர்த்த பாம்பு இதுதான். மகனின் வாசிப்பைத் தாயும் ஏற்றுக்கொண்டாயிற்று. முதல் நாடகத்தில், தூங்குகிற மனசு சொல்வதை நான் நம்பமாட்டேன் என்று முதியவர்களிடம் வெட்டிப் பேசியவள் இவள்.

மூன்றாம் நாடகத்தில் வழக்கு நடக்கிறது. தாய் பெற்றவள் அல்ல, விதையைப் பேணும் செவிலி மட்டுமே என்று வாதாடுகிறான் அப்போலோ. வாக்குகள் சமமாகின்றன, அதீனாவின் வாக்கும் ஒரெஸ்டிஸ் பக்கம், அவன் விடுதலையாகிறான். செவிலி என்றால் யார் என்று தெரிந்த கிலிஸ்ஸாவை அந்த நீதிமன்றத்துக்கு யாரும் கூப்பிடவில்லை.