அறிக்கை எழுதுகிறவர் அறைக்கு வெளியே இருந்தால்

பி.ஆர்.ஓ. என்றால் பிரஸ் ரிலீஸ் எழுதுகிறவர்னுதான் நானும் நினைச்சிருந்தேன். ஒரு நிறுவனத்தில் சில வருஷம் அதைத்தான் செய்தேன். ஒருநாள் ராத்திரி ஒரு தாளை நீட்டி, "நல்ல தமிழ்ல மாத்திக் கொடுங்க" என்றார்கள். ஆட்குறைப்பு அறிவிப்பு. மறுநாள் நிருபர்கள் "எத்தனை பேர்? ஏன்?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

இதைப் பற்றி ஆய்வே நடந்திருப்பது பிறகுதான் தெரிந்தது. 1979-ல் க்ளென் ப்ரூம், ஜார்ஜ் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மக்கள் தொடர்புக்காரரின் பங்கை நான்காகப் பிரித்தார்கள்:

1. தீர்வு சொல்லும் நிபுணர்
2. இரு தரப்பும் பேச வழி செய்பவர்
3. நிர்வாகத்தோடு உட்கார்ந்து சிக்கலை அலசுபவர்
4. எழுதி, வடிவமைத்து அனுப்பும் டெக்னீஷியன்

முதல் மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருந்ததால், பிந்தைய ஆய்வுகள் மேனேஜர், டெக்னீஷியன் என இரண்டாகச் சுருக்கின.

நான் நாலாவது ரகம். எழுதுவது மட்டமான வேலை இல்லை. ஆனால் முடிவெடுக்கும்போது அறையில் இல்லாதவரால் அந்த முடிவை விளக்க முடியாது. உள்ளே போக நல்ல நடை மட்டும் போதாது. மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று விசாரித்து, ஆதாரத்தோடு சொல்லத் தெரியணும்.

இந்த வேலைக்குப் போகிறீர்களா? சம்பளத்தோடு இதையும் கேளுங்க: "முடிவெடுக்கும் கூட்டத்துல எனக்கு இடம் உண்டா?"