ஈன்ற பசுவும் கருப்பைக் கோளாறும்

பசு கன்று ஈன்ற சில மணி நேரத்திற்குள் கருப்பை புரண்டு முழுவதும் வெளியே தள்ளுவதுண்டு. சுண்ணாம்புச் சத்துக் குறைவும், வருந்தி ஈனுதலும் இதற்குக் காரணங்களாம். தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். 1962 என்னும் தொலைபேசி எண்ணிலும் உதவி கோரலாம்.

அவர் வரும்வரை பசுவை நடத்தலாகாது. உள்ளே இரத்தக் குழாய் அறுந்து பசு மாண்டுவிடக் கூடும். வெளிவந்த கருப்பையைத் தூய நீரால் கழுவி, ஈரத் துணியில் ஏந்தி, நாயும் காகமும் அண்டாமல் காத்தல் வேண்டும். நாமே உள்ளே தள்ள முயலுதல் தவறு.

ஈன்று 12 மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழாவிடில், அதனை இழுப்பதும் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் பெருந்தீங்காகும். கருப்பை கிழிந்து சீழ் கொள்ளும்.

ஊராட்சி மன்றத்தார் மருத்துவரின் தொலைபேசி எண்ணைப் பால் சங்கச் சுவரில் எழுதி வைப்பாராயின், ஏழைக் குடியானவரின் ஒரே பசு பிழைக்க வழியுண்டு.