அரியணை கொழும்பில், கல்லறை வேலூரில்: கண்டியின் கடைசி மன்னர் தடங்கள்வழி ஒரு பண்பாட்டுப் பயண நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கண்டி அரசின் கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனின் வாழ்வு இலங்கைத் தீவின் துறைமுக நகரான கொழும்பையும் பாலாற்றங்கரை நகரான வேலூரையும் இணைக்கிறது. அவர் அமர்ந்த அரியணை கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்திலும் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்ட இடம் வேலூரிலும் உள்ளன. கொழும்பிற்குப் பண்பாட்டுப் பயணம் மேற்கொள்ளும் தமிழ் ஆய்வாளர் எவற்றைக் காணலாம், அவற்றை எவ்வாறு வாசிக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு நகரின் நினைவுச் சின்னங்களை மற்றொரு நகரின் சின்னங்களோடு இணைத்து வாசிக்கும்போதே இவ்வரலாறு முழுமை பெறும் என்பது கட்டுரையின் கருத்தாகும்.

கருச்சொற்கள்: கொழும்பு, வேலூர்க் கோட்டை, கண்டி நாயக்கர், முத்து மண்டபம், பாலாறு, பண்பாட்டுச் சுற்றுலா

முன்னுரை

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் உலகச் சந்தையில் அறியப்பட்டவை. இப்பகுதியை ஆராய்வோர் பெரும்பாலும் தொழில், ஏற்றுமதி, சுற்றுச்சூழல் ஆகிய கோணங்களிலேயே நோக்குகின்றனர். ஆயினும், இப்பகுதிக்குக் கடல் கடந்த அரசியல் வரலாறு ஒன்றும் உண்டு. 1816ஆம் ஆண்டு முதல் 1832ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 16 ஆண்டுகள் இலங்கையின் கடைசி மன்னர் வேலூரில் அரசியல் கைதியாக வாழ்ந்து மறைந்தார்.

இன்று சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்திற்குள் வானூர்தியில் கொழும்பை அடைந்துவிடலாம். முற்காலத்தில் எழும்பூரில் தொடர்வண்டி ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னார் வழியாகக் கொழும்பு செல்லும் ‘போட் மெயில்’ பயணம் வழக்கில் இருந்தது. 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் அவ்வழி முறிந்தது. பயணம் எளிதாகிவிட்ட இக்காலத்தில் கொழும்பிற்குச் செல்வோர் பலர் கடற்கரையையும் கடைவீதிகளையும் கண்டு திரும்புகின்றனர். அந்நகருக்கும் வேலூருக்கும் இடையிலான தொடர்பு அவர்களுடைய பயணத் திட்டத்தில் இடம்பெறுவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் நோக்கில் இக்கட்டுரை அமைகிறது.

கொழும்பு: துறைமுகம் நகரான வரலாறு

14ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, தீவின் சிறந்த நகரங்களுள் ஒன்றாகக் கொழும்பைக் குறிப்பிட்டுள்ளார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் இங்குக் கோட்டை கட்டினர். 1656இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1796இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஐரோப்பியரின் மூன்று ஆட்சிகளும் கடற்கரையை மையமாகக் கொண்டிருக்க, மலைநாட்டிலிருந்த கண்டி அரசு 1815 வரை தனித்து நின்றது.

நெடுங்காலம் காலித் துறைமுகமே பெரிய கப்பல்களின் தங்குமிடமாக விளங்கியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் கப்பல் போக்குவரத்துப் பெருகியது. 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1885இல் அது நிறைவு பெற்றது. இதன்பின் கொழும்பு ஆசியாவின் முதன்மைத் துறைமுகங்களுள் ஒன்றாக உயர்ந்தது. இக்காலத்தையொட்டிக் கோட்டைச் சுவர்களும் இடிக்கப்பட்டன. எனவே இன்று ‘கோட்டை’ என வழங்கும் பகுதியில் கோட்டையைக் காண இயலாது. பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது. வேலூரில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்குக் கோட்டை அகழியோடு முழுமையாக நிற்கிறது. அதனுள் வாழ்ந்த கண்டி மன்னர் குறித்த நினைவே மங்கியுள்ளது.

மன்னரும் அவர் மரபும்

1739இல் கண்டி மன்னர் நரேந்திரசிங்கன் வாரிசின்றி இறந்தபின், மதுரைப் பகுதியிலிருந்து வந்த நாயக்கர் குலத்தைச் சேர்ந்த அவருடைய பட்டத்தரசியின் உடன்பிறந்தார் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்னும் பெயரில் அரியணை ஏறினார். அவரைத் தொடர்ந்து கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், இராஜாதி இராஜசிங்கன், ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் ஆகியோர் ஆண்டனர். கடைசி மன்னரின் இயற்பெயர் கண்ணுசாமி என்பதாகும். அவர் 1798 முதல் 1815 வரை ஆட்சி புரிந்தார்.

இம்மன்னர்களைத் ‘தமிழ் மன்னர்’ என்றோ ‘சிங்கள மன்னர்’ என்றோ ஒற்றைச் சொல்லால் குறிப்பது ஆய்வு நோக்கில் பொருந்தாது. குலத்தால் அவர்கள் தெலுங்கு மூலமுடைய நாயக்கர். திருமண உறவால் தென் தமிழகத்தோடு பிணைந்தவர்கள். அரச பதவியால் பௌத்தத்தின் காவலர்கள். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில், 1753இல், சயாம் நாட்டிலிருந்து பிக்குகள் வரவழைக்கப்பட்டு இலங்கையில் உபசம்பதா மரபு மீட்டெடுக்கப்பட்டது இதற்குத் தக்க சான்றாகும்.

கடைசி மன்னரின் ஆட்சி குறித்த நினைவும் ஒருதன்மைத்து அன்று. இன்று கண்டி நகருக்கு அழகூட்டும் ஏரியும், தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் அவர் காலத்தவை. அதேவேளை, 1814இல் எகலப்பொலை என்னும் அதிகாரியின் மனைவி மக்கள் கொல்லப்பட்ட நிகழ்வு அவரைக் கொடுங்கோலராகச் சிங்கள மக்கள் நினைவில் பதித்தது. தலைவர்களின் அதிருப்தியை ஆங்கிலேயர் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக் கொண்டனர். 1815 பிப்ரவரி 18இல் மன்னர் பிடிபட்டார். மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்வழி அவருடைய உறவினர் எவரும் அரியணைக்கு உரிமை கோர இயலாதவாறு செய்யப்பட்டது. அவர்களைத் தீவிலிருந்தே அகற்றியதன் அரசியல் காரணத்தை இதிலிருந்து உணரலாம்.

கொழும்பில் காணத்தக்கவை

மன்னரின் தடங்களைப் பின்பற்றிக் கொழும்பைக் காண விரும்புவோர் தேசிய அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். 1877 ஜனவரி 1இல் ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில் திறக்கப்பட்ட இவ்வருங்காட்சியகத்தில் கண்டி மன்னர்களின் அரியணை வைக்கப்பட்டுள்ளது. 1693இல் ஒல்லாந்த ஆளுநர் தாமஸ் வான் ரீ, இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு இதனைப் பரிசாக அளித்தார். 1815க்குப் பின் இது இங்கிலாந்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. 1934இல் குளோஸ்டர் கோமகன் வழியாக இலங்கைக்குத் திரும்பியது. அரியணையை அளித்த வான் ரீ வாழ்ந்த இல்லம் புறக்கோட்டை இளவரசர் வீதியில் ஒல்லாந்தர் கால அருங்காட்சியகமாக உள்ளது. இவ்விரண்டையும் ஒரே நாளில் கண்டால், கடற்கரையை ஆண்ட வணிக அரசும் மலைநாட்டு மன்னராட்சியும் பகையும் பரிசுமாகப் பழகிய உறவு தெளிவாகும்.

தமிழ் ஆய்வாளருக்கு இன்றியமையாத மற்றொரு பொருளும் தேசிய அருங்காட்சியகத்தில் உண்டு. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டே அது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய, 1409ஆம் ஆண்டுக் காலக் குறிப்புடைய இக்கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மொழிகளில் அமைந்தது. தமிழ்ப் பகுதி தென்னிலங்கையின் தெனாவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் தமிழ் பொதுமொழிகளுள் ஒன்றாக விளங்கியமைக்கு இது வலுவான சான்று எனலாம்.

கோட்டைப் பகுதியில் நிதி நிறுவனக் கட்டடங்களுக்கு இடையே சிறிய அறை ஒன்று கண்டி மன்னர் அடைக்கப்பட்ட சிறையெனக் காட்டப்படுகிறது. ஆனால், அக்காலத்தில் இலங்கையில் பணியாற்றிய படை மருத்துவர் ஹென்றி மார்ஷல், மன்னர் கோட்டைக்குள் விசாலமான வீடொன்றில் வைக்கப்பட்டதாகவே எழுதியுள்ளார். எனவே அச்சிற்றறையை வரலாற்று ஆதாரமாகக் கொள்ளாமல், வீழ்ந்த மன்னரைப் பிற்காலத்தார் எவ்வாறு கற்பனை செய்தனர் என்பதற்கான நினைவுச் சின்னமாகக் கொள்வதே தகும். சுற்றுலா வழிகாட்டிகளின் கூற்றை ஆவணத்தோடு ஒப்பிட்டு நோக்கும் பயிற்சிக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

புறக்கோட்டையில் 1908-09இல் கட்டப்பட்ட செந்நிற–வெண்ணிறப் பட்டைகள் கொண்ட ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களோடு தொடர்புடையது. மக்கள் வழக்கில் இது ‘சம்மாங்கோட்டுப் பள்ளி’ எனப்படுகிறது. அருகிலுள்ள செட்டியார் தெருவில் நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும் அமைந்துள்ளன. கொச்சிக்கடையில் 19ஆம் நூற்றாண்டில் பொன்னம்பல முதலியார் எழுப்பி, பின்னர் அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் கோயிலின் சிற்பத் தூண்கள் தமிழகக் கோயிற்கலை மரபைக் கொழும்பில் நிலைநிறுத்துகின்றன. 1757இல் வழிபாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயம் ஒல்லாந்தர் காலக் கட்டடக்கலையை விளக்குகிறது. இவை யாவும் நடந்து காணக்கூடிய எல்லைக்குள் அமைந்திருப்பது பயணிக்கு வாய்ப்பாகும்.

வேலூரில் காணத்தக்கவை

1816 ஜனவரி 24இல் மன்னரும் அரசியரும் உறவினரும் ‘கார்ன்வாலிஸ்’ என்னும் கப்பலில் கொழும்பிலிருந்து ஏற்றப்பட்டனர். பிப்ரவரியில் சென்னையை அடைந்த அவர்கள் வேலூருக்கு அனுப்பப்பட்டனர். வேலூர்க் கோட்டை முன்னரே அரசியல் கைதிகளின் இருப்பிடமாக இருந்தது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவர் குடும்பத்தார் இங்கு வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின் அவர்கள் கல்கத்தாவிற்கு மாற்றப்பட்டனர். பத்தாண்டுகளுக்குப் பின் அதே கோட்டை கண்டி அரச குடும்பத்தைப் பெற்றுக்கொண்டது.

மன்னர் 1832 ஜனவரி 30இல் மறைந்தார். அவரும் அவர் குடும்பத்தாரும் அடக்கம் செய்யப்பட்ட இடம் பாலாற்றங்கரையில் உள்ளது. 1990இல் தமிழக அரசு அங்கு முத்து மண்டபத்தை எழுப்பியது. கோட்டைக்குள் அமைந்த அரசு அருங்காட்சியகத்தில் மன்னர் பயன்படுத்தியதாகக் கூறப்படும் தந்தச் சதுரங்கப் பலகை காட்சிப்படுத்தப்பட்டுள்ளது. கோட்டைக்கு வருவோர் ஜலகண்டேசுவரர் கோயிலையும் அகழியையும் கண்டு செல்கின்றனர். சற்றுத் தொலைவிலுள்ள முத்து மண்டபத்தை நாடுவோர் சிலரே.

பாலாறு: மரபும் தொழிலும் சந்திக்கும் இடம்

முத்து மண்டபத்தின் இன்றைய சூழலைப் பாலாற்றிலிருந்து பிரித்துக் காண இயலாது. ஆறு வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய தோல் தொழில் நகரங்களைக் கடந்தே வேலூரை அடைகிறது. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குரோமிய உப்பைப் பயன்படுத்தும் முறை பரவியபின் கழிவுநீரின் தன்மை மாறியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்தியது. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு குறித்து அந்நீதிமன்றம் விரிவான தீர்ப்பு வழங்கியது.

பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளிக்கும் தொழில் ஒருபுறம். குடிநீரும் வேளாண்மையும் ஆற்றங்கரை மரபும் மறுபுறம். இவற்றுள் ஒன்றைப் புறக்கணித்து மற்றொன்றைக் காக்க இயலாது. நினைவுச் சின்னத்தைப் பேணுதல் என்பது கட்டடத்திற்கு வண்ணம் பூசுவதோடு முடிவதன்று; அது நிற்கும் ஆற்றங்கரையைப் பேணுவதும் அதனுள் அடங்கும். இலங்கையிலிருந்து முத்து மண்டபத்திற்கு வரும் பயணி மன்னரின் கல்லறையோடு பாலாற்றின் நிலையையும் சேர்த்தே காண்கிறார்.

இரு நகரங்களை இணைத்து வாசித்தல்

மேற்கண்ட செய்திகளிலிருந்து மூன்று கருத்துகளைப் பெறலாம். முதலாவதாக, அரியணை மட்டும் கண்டவர் ஆட்சியை அறிவர். கல்லறையையும் கண்டவரே அவ்வாட்சி முடிந்த விதத்தை உணர்வர். இரண்டாவதாக, கொழும்பின் காட்சிப் பலகைகளில் வேலூரும், வேலூரின் காட்சிப் பலகைகளில் கொழும்பும் தெளிவாக இடம்பெற வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் அவை அமைதல் நன்று. மூன்றாவதாக, இன அடையாளங்களால் பிளவுபட்ட வரலாற்று வாசிப்பிற்கு இம்மன்னரின் வாழ்வு ஒரு மாற்றாக அமையும். தமிழகத் தொடர்புடைய குலத்தில் தோன்றி, பௌத்த அரசின் தலைவராக ஆண்டு, ஆங்கிலேயரின் கைதியாகத் தமிழ் மண்ணில் மறைந்த ஒருவரை எந்த ஒரு தரப்பும் தனக்கே உரியவராகக் கொள்ள இயலாது.

வேலூர்ப் பகுதிக் கல்லூரிகளின் வரலாறு, தமிழ், சுற்றுலாத் துறைகள் மாணவர்களைக் கோட்டைக்கு அழைத்துச் செல்லும்போது முத்து மண்டபத்தையும் திட்டத்தில் சேர்க்கலாம். கொழும்பிற்குக் கல்விப் பயணம் மேற்கொள்வோர் புறப்படுமுன் வேலூரில் ஒரு நாள் செலவிடுவது பயனளிக்கும்.

முடிவுரை

தீவின் துறைமுக நகரொன்றைக் காணச் செல்லும் பயணம் கடலைக் கடந்தபின் தொடங்குவதாகவே கருதப்படுகிறது. வேலூர், ஆம்பூர்ப் பகுதியினருக்கோ அப்பயணம் தம் ஊர் ஆற்றங்கரையிலேயே தொடங்குகிறது. கொழும்பில் உள்ள அரியணையும் வேலூரில் உள்ள கல்லறையும் ஒரே வரலாற்றின் இரு முனைகள். 119 ஆண்டுகள் கழித்து அரியணை தன் தீவிற்குத் திரும்பியது, மன்னர் திரும்பவில்லை. அவர் துயிலும் மண்ணையும் அதனருகே ஓடும் ஆற்றையும் பேணும் கடமை இப்பகுதி மக்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் உரியதாகிறது.