பலூன் கடையில் ஒரு கணக்கு

ஓசூர் தேர்த் திருவிழா போன்ற கூட்டங்களில் பலூன் சுடும் கடையைப் பார்த்திருப்பீர்கள். 3 மீட்டர் தள்ளி, 12 செ.மீ. அகலமுள்ள பலூன்கள். ஒரு பையன் பத்துக்குப் பத்து அடித்துவிட்டு மார்தட்டுகிறான். அவனே 10 மீட்டரிலிருந்து சுட்டால்? 30 மீட்டரிலிருந்து? சுடாமலே ஓரளவு சொல்லிவிடலாம்.

குறி பார்க்கும்போது துப்பாக்கியின் முனை சற்றே அசைகிறது. அந்த அசைவு ஒரு கோணம். டார்ச் விளக்கைச் சுவரிலிருந்து நகர்த்த நகர்த்த ஒளிவட்டம் விரிகிறதல்லவா? குண்டுகளின் சிதறலும் அப்படித்தான் விரியும். 3 மீட்டரில் 12 செ.மீ. சிதறல், 10 மீட்டரில் 40 செ.மீ.; 30 மீட்டரில் 120 செ.மீ.! ஆனால் நம் பையனின் சிதறல் உண்மையில் 12 செ.மீ.தானா, 5 செ.மீ.யா? பலூன் அதைச் சொல்லாது. பட்டதா, படவில்லையா என்பதை மட்டுமே சொல்லும். காகிதத்தில் சுட்டு, மிகத் தள்ளியுள்ள இரு துளைகளுக்கு நடுவே அளந்தால்தான் தெரியும்.

எத்தனை குண்டு என்பதும் முக்கியம். அதே கை, அதே துப்பாக்கி. ஆனாலும் 10 குண்டுகளின் சிதறல் 5 குண்டுகளின் சிதறலைவிடச் சராசரியாகக் கால் பங்கு பெரிதாக இருக்கும். மூன்றே குண்டு சுட்டுப் பெருமையடிப்பவரை நம்பாதீர்கள்!

அடுத்து, புவியீர்ப்பு. குண்டு வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் கிளம்புவதாகக் கொள்வோம். குழல் நோக்கும் நேர்கோட்டிலிருந்து அது 10 மீட்டரில் சுமார் 2 செ.மீ. கீழே இறங்கும். 30 மீட்டரில் சுமார் 20 செ.மீ. தூரம் மூன்று மடங்கு, இறக்கமோ ஒன்பது மடங்கு. அரை கிராம் ஈயக் குண்டைக் காற்றும் தடுப்பதால் உண்மையான இறக்கம் இன்னும் கூடும்.

இறக்கம் வேறு, சிதறல் வேறு. கைக்கடிகாரம் செய்யும் ஓசூர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். தினமும் சரியாக 2 நிமிடம் பிந்தும் கடிகாரத்தைத் திருத்திவிடலாம். ஒரு நாள் முந்தி, மறுநாள் பிந்தினால் என்ன செய்வது? எல்லாக் குண்டும் ஒரே இடத்தில் தாழ்வாகப் பட்டால் குறிகாட்டியைத் திருத்தினால் போதும். அங்குமிங்கும் பட்டால் கையையோ துப்பாக்கியையோதான் சந்தேகிக்க வேண்டும்.

இனி ஓர் ஒப்பீடு. ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் 10 புள்ளி பெற, குண்டின் நடு இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் பட வேண்டும். பலூன் கடை அனுமதிக்கும் 6 செ.மீ. பிழையை 10 மீட்டருக்கு நீட்டினால் 20 செ.மீ. ஆகும், எண்பது மடங்கு தாராளம்! 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றபோது அவருடைய கடைசிக் குண்டு 10.8 புள்ளி. அதாவது, மையத்திலிருந்து அரை மி.மீ.க்குள்.

இதைச் சோதிக்கத் துப்பாக்கி வேண்டாம். அந்தச் சிறு குண்டு கண்ணைப் பறித்துவிடும். சுவரில் பெரிய காகிதம் ஒட்டி, ஈரக் களிமண் உருண்டைகள் பத்தை 2 மீட்டரிலிருந்தும், வேறொரு காகிதத்தில் பத்தை 4 மீட்டரிலிருந்தும் எறியுங்கள். (ஆசிரியரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்!) பக்கவாட்டுச் சிதறலையும் மேல்-கீழ்ச் சிதறலையும் தனித்தனியே அளவெடுங்கள். மேல்-கீழ்ச் சிதறல் இரு மடங்குக்கும் மேலே போயிருந்தால், உங்கள் கை ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் எறியவில்லை என்று பொருள்.